முதுகால் கேட்பது

(புதுச்சேரியை அடுத்த தவளக்குப்பத்தில், இரவுக் கூத்துக்கு முன்பாக ஆற்றிய உரை)



போன வாரம் எனக்குக் காய்ச்சல். மூன்று நாள் மாத்திரை போட்டும் இறங்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றபடி, "மாத்திரைக்குக் கேக்குதா?" என்றார். "கேக்கலக்கா" என்றேன். அவர் போன பிறகு படுத்தபடியே அந்த வார்த்தையை நினைத்துக்கொண்டிருந்தேன். காய்ச்சலுக்குக் காது கிடையாது, மாத்திரைக்கு வாய் கிடையாது. ஆனாலும் காய்ச்சல் மாத்திரைக்குக் கேட்க வேண்டும் என்கிறோம். இறங்கினால் கேட்டது, இறங்காவிட்டால் கேட்கவில்லை.

வயதானவர்களிடம் போய் எப்படி இருக்கிறீர்கள் என்றால், "மனசு ஓடுது, உடம்பு கேக்க மாட்டேங்குது" என்பார்கள். பிள்ளையைப் பற்றி அம்மா, "சொன்ன பேச்சு கேக்கறதில்ல" என்பார். அந்தப் பிள்ளைக்குக் காது நன்றாகத்தான் இருக்கிறது. சொன்னது முழுக்க விழுந்திருக்கிறது. அவன் அசையவில்லை, அவ்வளவுதான். நம் மொழியில் கேட்பது காதோடு முடிகிற காரியம் இல்லை. ஒன்று வந்து தொட வேண்டும், தொடப்பட்டது கொஞ்சமாவது மாற வேண்டும். அப்போதுதான் கேட்டதாகக் கணக்கு. திருவள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். 42ஆவது அதிகாரம், கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்து, அறிவுடைமைக்கு முன். படித்ததற்கும் அறிவுக்கும் நடுவில் அவர் கேட்டலை வைத்த இடத்தைக் கவனியுங்கள்.

நான் பல வருஷங்களாக ஒத்திகையில் முடிவு செய்யாத ஆட்டத்தைக் கற்றுக்கொண்டும் கற்றுக்கொடுத்தும் வருகிறேன். மேடையில், அந்த நிமிஷத்தில் பிறக்கிற அசைவு. சங்கீதக்காரர்கள் இதை மனோதர்மம் என்பார்கள். கூத்துக்காரர்கள் இதற்குத் தனியாகப் பெயர் வைத்துக்கொள்வதில்லை. விடிய விடிய ஆடுகிறவருக்கு அதுதான் வேலை. இப்படி ஆடுவது என்றால் தோன்றியதைச் செய்வது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நானும் சின்ன வயதில் அப்படித்தான் நினைத்தேன். தோன்றியதைச் செய்கிறவர் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் பத்து அசைவுகளைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் போடுவார். பதினொன்றாவது அசைவு வெளியிலிருந்துதான் வர வேண்டும். அது உள்ளே வருவதற்கான வழி கேட்பது.

இன்றைக்கு ராத்திரி இங்கே நடக்கப்போகிற கூத்துக்காக அந்தப் பெஞ்சைப் போட்டு வைத்திருக்கிறார்களே, அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். களரிக்குப் பின்னால். ஆர்மோனியம், முகவீணை, மத்தளம், தாளம், பின்பாட்டுக்காரர்கள் எல்லாரும் அங்கே உட்காரப் போகிறார்கள். வேஷம் கட்டியவர் நம்மைப் பார்த்து ஆடுவார். அவருக்கு வேண்டிய சத்தம் முழுவதும் முதுகுப் பக்கமிருந்து வரும். பின்பாட்டு என்ற பேரே பின்னால் இருந்து பாடுவதால் வந்ததோ, அவர் பாடிய பின் பாடுவதால் வந்ததோ, இரண்டுமே அங்கே நடக்கிறது.

அதோடு, ஆடுகிறவர் காதோரம் என்ன இருக்கிறது? தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம், கன்னத்தை ஒட்டிக் கட்டிய அணிகள். மரமும் கண்ணாடித் துண்டும் வண்ணக் காகிதமும் சேர்ந்த பாரம். இவ்வளவும் கட்டிக்கொண்டு கணுக்காலில் சலங்கையும் போட்டால் காதில் பாதி அடைந்துவிடும். மீதிப் பாதியில் தன் சலங்கைச் சத்தமே நிறைந்திருக்கும். அப்படியும் தாளம் ஒரு இழை பிசகினால் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. முதுகு சொல்லியிருக்கிறது.

இதை எனக்குக் காட்டியது ஒரு ராத்திரி. செஞ்சிப் பக்கத்தில் ஒரு கிராமம், கர்ண மோட்சம் கூத்து. மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறுகிற கட்டம் நடந்துகொண்டிருந்தது. மணி இரண்டுக்கு மேல் இருக்கும். தூறல் போட்டது, கொஞ்ச நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. மைக் செத்தது. டியூப்லைட் அணைந்தது. கர்ணன் பாட்டின் நடுவில் இருந்தார்.

நான் நினைத்தேன், ஆட்டம் நிற்கும், யாராவது டார்ச் எடுத்து வருவார்கள் என்று. ஆட்டம் நிற்கவில்லை. மத்தளம் மட்டும் பாதியாகத் தணிந்தது. தாளம் தணிந்தது. பின்பாட்டுக்காரர் இருவர் எழுந்து இரண்டடி முன்னால் வந்து நின்று பாடினார்கள். கர்ணன் அடவைச் சுருக்கிக்கொண்டார். பெரிய சுற்றாகச் சுற்றிக்கொண்டிருந்தவர் நின்ற இடத்திலேயே, பாதம் தேய்த்து ஆடினார். இருட்டில் அந்தச் சலங்கை ஒன்றுதான் எங்களுக்கு விளக்கு. கூட்டம் தானாக முன்னால் நகர்ந்தது. என் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த கிழவி எழுந்து உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அந்தக் கட்டம் முடிந்துதான் விளக்கு வந்தது. அந்த நேரம் முழுக்க எவரும் எவருக்கும் உத்தரவு போடவில்லை. ஒருவர் தணிந்ததைக் கேட்டு இன்னொருவர் தணிந்தார், அவர் நெருங்கியதைக் கேட்டு அடுத்தவர் நெருங்கினார்.

காலையில் டீக்கடையில் அந்த மத்தளக்காரரிடம் போய், இருட்டில் கர்ணன் அடவை மாற்றப் போகிறார் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். அடவை மாற்றுவதற்கு முன்னால் அவர் மூச்சு இழுப்பார், அது முதுகில் தெரியும் என்றார். இருட்டில் முதுகு எப்படித் தெரியும் என்றேன். மத்தளத்தின் மேல் கையை வைத்துக் காட்டினார். "இதுல தெரியும்மா." அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

முதுகுப் பக்கம் சத்தத்தை வைப்பது கூத்துக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. கேரளத்துக் கூடியாட்டத்தில் மிழாவு என்று ஒரு வாத்தியம் உண்டு. பெரிய செம்புக் குடத்தின் வாயில் தோல் கட்டியது; வெறும் கையால் வாசிப்பார்கள். அதை மரச்சட்டத்தில் நிறுத்தி, நடிகருக்குப் பின்னால்தான் வைப்பார்கள். கூடியாட்டத்தில் நடிகர் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, கண்ணாலேயே நாழிகைக் கணக்கில் விரித்துச் சொல்வார். மலை ஏறுவதைக் கண்ணால் காட்டுவார், அருவி விழுவதைக் கண்ணால் காட்டுவார். அந்தக் கண் ஒவ்வொரு முறை அசையும்போதும் மிழாவு கூடவே பேசும். மிழாவுக்காரருக்கு அந்தக் கண் தெரியாது, முதுகுதான் தெரியும். கண் அசைந்தால் கழுத்து எப்படி இறுகும், மூச்சு எங்கே ஏறும் என்று முதுகில் படித்துத்தான் வாசிக்கிறார். யுனெஸ்கோ 2001இல் கூடியாட்டத்துக்குக் கொடுத்த சிறப்பு எல்லாருக்கும் தெரியும். அந்தக் கலையைத் தாங்கி நிற்பது இந்தக் கேட்டல் என்பதைச் சொல்கிறவர்கள் குறைவு.

இன்றைய பரதநாட்டியத்துக்கு முந்தைய நம் சதிர் மேடையும் அப்படித்தான் இருந்தது. இன்றைக்குப் பாடகரும் நட்டுவனாரும் மேடையின் ஓரத்தில் உட்காருகிறார்கள். முன்பு சின்ன மேளம் என்ற சதிர்க் குழுவில் அவர்கள் ஆடுகிறவருக்குப் பின்னாலேயே நின்றார்கள். அவர் முன்னால் போனால் கூடவே முன்னால், பின்னால் வந்தால் கூடவே பின்னால். நட்டுவனாரின் தாளச் சத்தம் பிடரியில் படுகிற தூரத்தில் இருந்தது.

இந்த இடத்தில் நடனக் கலைஞர் பாலசரஸ்வதி அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் பேச அனுமதியுங்கள். 1918இல் பிறந்தவர். பாட்டி வீணை தனம்மாள். தனம்மாளின் வீணை அவ்வளவு மெல்லிசாக ஒலிக்கும் என்பார்கள். வெள்ளிக்கிழமை மாலைகளில் சென்னையில் அவர் வீட்டில் கேட்க வந்தவர்கள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். அந்த அமைதிக்குள் வளர்ந்த குழந்தை பாலா. ஏழாவது வயதில், 1925இல், காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம். பிற்காலத்தில் அவர் ஆட, அவருடைய அம்மா ஜெயம்மாள் பாடுவார். தம்பி ரங்கநாதன் மிருதங்கம், இன்னொரு தம்பி விஸ்வநாதன் புல்லாங்குழல். ஒரு வீட்டுக்குள் பிறந்த காதுகள்.

பதத்தில் ஒரே வரியை ஜெயம்மாள் பத்து முறை பாடினால் பத்தும் வேறு வேறாக இருக்கும். அதற்கு பாலா காட்டும் பாவமும் பத்து. எந்த சங்கதி வரும் என்று முன்கூட்டிப் பேசிக்கொள்வது கிடையாது. அம்மாவின் குரல் ஒரு சுரத்தில் கொஞ்சம் தங்கினால், மகளின் கை, பாட்டில் வரும் கண்ணனின் கன்னத்தருகே கொஞ்சம் தங்கும். மகளின் கை தங்கியதைப் பார்த்து அம்மாவின் குரல் இன்னும் தங்கும். இதில் யார் முன்னால், யார் பின்னால் என்று சொல்ல முடியாது. பாலா ஆடிக்கொண்டே தானும் பாடுவார். பாடுகிறபோது வயிறும் மார்பும் அந்த சுரத்துக்கு அசைகின்றன. பிறகு கை அசைந்தால் அது ஏற்கெனவே அசைந்துவிட்ட உடம்பின் தொடர்ச்சி. சத்யஜித் ரே 1976இல் அவரைப் பற்றி 'பாலா' என்று ஒரு படம் எடுத்தார். கிடைத்தால் பாருங்கள். கையை விட்டுவிட்டு, பாட்டு அடுத்த வரிக்குப் போவதற்கு ஒரு கணம் முன்னால் அவர் முகத்தை மட்டும் கவனியுங்கள்.

இதற்கெல்லாம் மூத்த சாட்சி சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. மாதவி ஏழு ஆண்டு பயின்று, பன்னிரண்டாவது வயதில் அரங்கேறுகிறாள். இளங்கோவடிகள் அவள் ஆடியதைச் சொல்வதற்கு முன்னால், ஆடலாசான், இசையாசான், புலவன், தண்ணுமை ஆசான், குழலாசான், யாழாசான் எல்லாருக்கும் என்ன தகுதி வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறார். பிறகு வாத்தியங்கள் எப்படிச் சேர்ந்தன என்கிறார்: குழலைத் தொடர்ந்து யாழ், யாழைத் தொடர்ந்து தண்ணுமை, தண்ணுமையைத் தொடர்ந்து முழவு, முழவோடு கூடி ஆமந்திரிகை. ஒன்றைக் கேட்டு மற்றொன்று. அந்தத் தொடர் கட்டி முடிந்த பிறகுதான் மாதவி ஆடுகிறாள். எனக்கு அதைப் படிக்கிறபோதெல்லாம் தோன்றுவது: அரசன் 1008 கழஞ்சு பொன் கொடுத்தது அவள் ஆடியதற்கு மட்டும் இருக்காது.

இனி உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இங்கே பக்கத்து ஊர்களான நல்லவாட்டிலிருந்தும் பூரணாங்குப்பத்திலிருந்தும் வந்திருக்கிறீர்கள். கத்தாளை மீன் ஆய்ந்தவர்களுக்குத் தெரியும், தலைக்குள் வெள்ளையாக, வழவழப்பாகக் கல் இருக்கும். குழந்தைகள் எடுத்து வைத்து விளையாடுவார்கள். அது மீனின் காதுக்கல். மீன் தண்ணீரில் சத்தத்தை உணர்வதற்கும், ஒரு பக்கம் சாயாமல் நீந்துவதற்கும் அந்தக் காதுக்கற்கள் உதவுகின்றன. நம் உள்காதிலும் இரண்டு சின்னப் பைகள் இருக்கின்றன, அவற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள். அவைதான் நாம் சாய்கிறோமா, எழுகிறோமா, விழுகிறோமா என்று சொல்கின்றன. அவற்றை ஒட்டி மூன்று அரைவட்டக் குழாய்கள். தலை சுழல்வதைச் சொல்பவை. அதே இடத்தில், நத்தை ஓடு மாதிரி சுருண்ட இன்னொரு அறை. சத்தத்தைக் கேட்பது அது. எல்லாம் ஒரே எலும்புக் குகைக்குள் இருக்கின்றன, ஒரே நரம்புக் கட்டின் வழியாக மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. நிற்பதையும் கேட்பதையும் உடம்பு அக்கம்பக்கத்து வீடுகளாகத்தான் வைத்திருக்கிறது.

அதற்கு மேல் ஒன்று. மூளையை ஆராய்கிறவர்கள் பார்த்திருக்கிறார்கள்: தாளத்தைக் கேட்டுக்கொண்டு கை கால் அசைக்காமல் படுத்திருக்கும்போதும், அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகள் வேலை செய்கின்றன. நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உள்ளே உடம்பு ஏற்கெனவே ஆடத் தயாராகிவிட்டது.

காது வழியாக மட்டுமல்லாமல் தோல், எலும்பு வழியாகவும் கேட்கலாம் என்பதை ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எவலின் கிளென்னி உலகத்துக்குக் காட்டினார். பன்னிரண்டு வயதுக்குள் காது ஏறக்குறைய முழுக்கக் கேட்காமல் போனவர். உலகம் முழுக்க மேடை ஏறிய தாளவாத்தியக் கலைஞர் ஆனார். அதிர்வு பாதத்தில் ஏற வேண்டும் என்பதற்காகச் செருப்பில்லாமல்தான் வாசிப்பார்.

எனக்கு அவரைப் பற்றித் தெரிவதற்கு முன்பே என் அம்மாவைத் தெரியும். அறுபதுக்கு மேல் அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. பக்கத்தில் நின்று கத்தினால்தான் விழும். ஆனால் நான் வாசற்படி ஏறினால், அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றபடியே, "வந்துட்டியா" என்பார். ஒரு நாள் திரும்பாமலே, "யார்கூட சண்டை போட்டுட்டு வர்ற?" என்றார். உண்மையிலேயே சண்டை போட்டுத்தான் வந்திருந்தேன். என் கால் அதைத் தரையிடம் சொல்லியிருக்கிறது, தரை அவரிடம் சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்குள் வேறு மாதிரி நடக்க ஆரம்பித்தேன். கேட்கப்படுகிறோம் என்று தெரிந்தாலே கால் மாறிவிடும். நடனம் கற்ற எந்த இடத்திலும் எனக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடைக்கவில்லை.

நம் பக்கத்திலேயே இந்தக் கேட்டலை ஒரு வாழ்நாள் வேலையாகச் செய்தவர் ஒருவர் இருந்தார், வீணாபாணி சாவ்லா. 1981இல் பம்பாயில் ஆதிசக்தி என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். 1993இல் புதுச்சேரிக்கு வந்தார். இங்கிருந்து வடக்கே, வானூர் வட்டத்தில் இடையன்சாவடி சாலையில் செம்மண்ணில் அவர்கள் கட்டிய இடம் இன்றும் இருக்கிறது. 'பிருகன்னளை', 'கணபதி' போன்ற நாடகங்கள் அங்கே பிறந்தன. 'கணபதி'யில் மிழாவே ஒரு பாத்திரம் மாதிரி மேடையில் நிற்கும். அவர் 2014 நவம்பர் 30 அன்று காலமானார்; அவருடைய குழு தொடர்ந்து இயங்குகிறது. அவர்கள் பயிற்சியில் வசனத்துக்கு முன்னால் மூச்சு வரும். கோபம் என்றால் கோப முகம் பிடிப்பது இல்லை. கோபத்தின் மூச்சை எடுத்தால், அந்த மூச்சைக் கேட்டு உடம்பு கோபத்துக்குப் போகும். செஞ்சிப் பக்கத்து மத்தளக்காரர் எனக்கு மத்தளத்தில் கை வைத்துக் காட்டியது இதைத்தான்.

வெளிநாட்டில் இதற்கு இணையானவர்கள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் ஸ்டீவ் பாக்ஸ்டன் என்பவர் 1972 ஜனவரியில், ஓபர்லின் கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்தில் பதினோரு ஆண்களை வைத்து ஒரு நிகழ்ச்சி நடத்தினார். பத்து நிமிஷம் அவர்கள் மோதினார்கள், உருண்டார்கள், தாவி விழுந்தார்கள். கடைசியில் அசையாமல் நின்றார்கள், சில நிமிஷங்கள். நேராக நிற்கும்போதும் உடம்பு விழாமல் இருக்கத் தன்னைத் தானே திருத்திக்கொண்டே இருக்கிறது. அந்தத் திருத்தத்தைக் கேளுங்கள் என்றார். அதற்குச் சிறு நடனம் என்று பெயர் வைத்தார். ஒருவர் எடையை ஒருவர் தோலால் கேட்டு ஆடும் ஒரு முழுக் கலை அதிலிருந்து வளர்ந்தது.

பாரிஸில் தெயாத்ர் து சொலேய் என்ற குழு உண்டு, அரியான் ம்னூஷ்கின் 1964இல் தொடங்கியது. 2015 நவம்பரில் பாரிஸில் நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு, அவர் தம் குழுவையே அழைத்துக்கொண்டு 2016 தொடக்கத்தில் நம் புதுச்சேரிக்கு வந்தார். புரிசை கண்ணப்ப சம்பந்தன் அவர்கள் அந்த நடிகர்களுக்குத் தெருக்கூத்து கற்றுக்கொடுத்தார். அந்த வருஷக் கடைசியில் பாரிஸில் அரங்கேறிய 'இந்தியாவில் ஓர் அறை' என்ற நாடகத்துக்குள் தமிழ்க் கூத்து அப்படியே நுழைந்தது. பாஞ்சாலி துகிலுரிதலும் கர்ணன் கதையும் தமிழிலேயே பாடப்பட்டன. அந்தக் குழுவில் ழான்-ழாக் லெமெத்ர் என்று ஓர் இசைக்காரர் 1979லிருந்து இருந்தவர். மேடை ஓரத்தில் எண்ணற்ற வாத்தியங்களுக்கு நடுவில் நின்று, நடிகர்களின் மூச்சையும் நடையையும் பார்த்துத்தான் வாசிப்பார். அப்படிப் பழகிய நடிகர்களுக்குப் புரிசையார் சொன்னது அந்நியமாக இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்கத் தெரிந்தவர்களுக்கு மொழி அடுத்த சங்கதி.

மறுபடி நம் பக்கம் வருவோம். நம் தென் ஜில்லாக்களில் ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் ஒரு ஊரிலிருந்து, பபூன் ஒரு ஊரிலிருந்து வந்து, ராத்திரி பத்து மணிக்கு மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. விடியும்வரை தர்க்கம் பண்ணுவார்கள். ஆர்மோனியக்காரர் அத்தனை பேர் சுருதிக்கும் போய் வர வேண்டும். அந்த மரபுக்கு அடித்தளம் போட்ட சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் நம் புதுச்சேரியில்தான் கண்ணை மூடினார், கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. பறையை எடுத்துக்கொள்ளுங்கள்: அடிக்கிறவரே ஆடுகிறவர். நெருப்பில் காய்ச்சி, விரலால் தட்டித் தட்டித் தோல் ஏறிவிட்டதா என்று பார்க்கிறார். பிறகு அடியைக் கேட்டு அவர் கால் போகிறது, காலைக் கேட்டுப் பக்கத்தில் இருப்பவர் அடி மாறுகிறது. கேட்கிறவரும் ஒலிக்கிறவரும் அங்கே ஒரே உடம்பு.

இப்போது எனக்கு வருத்தம் தருகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊர் ஊராக நடனப் பள்ளிகள் வந்திருக்கின்றன, அது நல்லது. ஏழைப் பிள்ளைகளும் கற்கிறார்கள், இன்னும் நல்லது. ஆனால் ஏறக்குறைய எல்லா மேடையிலும் பிள்ளைகள் பென்டிரைவில் இருக்கும் பாட்டுக்குத்தான் ஆடுகிறார்கள். அந்தப் பாட்டைப் பாடியவர் ஒரு நாள் ஸ்டூடியோவில் பாடிவிட்டுப் போய்விட்டார். மேடையில் குழந்தைக்கு மூச்சு வாங்கினால் அவர் நிறுத்த மாட்டார். சலங்கை அவிழ்ந்து விழுந்தால் அவருக்குத் தெரியாது. குழந்தையின் கண்ணில் திடீரென்று ஒரு நிஜமான பாவம் வந்தாலும் அவர் அங்கே தங்க மாட்டார். குழந்தை பாட்டைக் கேட்கிறது, பாட்டு குழந்தையைக் கேட்பதில்லை. ஒரு பக்கம் செவிடாக இருக்கிற பேச்சில் எவ்வளவு நேரம் இருக்க முடியும்? கொஞ்ச நாளில் குழந்தையும் கேட்பதை நிறுத்திவிடுகிறது. எண்ணிக்கையை மனசுக்குள் போட்டுக்கொண்டு ஆடுகிறது.

பக்க வாத்தியம் வைக்கக் காசு வேண்டும், எனக்குத் தெரியும். நான் கேட்பது அது அல்ல. வாரத்தில் ஒரு வகுப்பு, ஒரே ஒரு மணி நேரம், அந்த ஸ்பீக்கரை அணைத்து வையுங்கள். ஒரு தட்டுக்கழி போதும். சொல்லுக்கட்டைத் தெரிந்த ஒரு அக்கா போதும். அவர் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று சொல்லட்டும், அவர்கள் தடுமாறினால் தணியட்டும், பறந்தால் கூடப் பறக்கட்டும். பிள்ளைகள் தங்கள் ஆட்டத்தை ஒருவர் கேட்கிறார் என்று முதுகில் உணர்ந்தால் என்ன ஆகிறார்கள் என்று நீங்களே பாருங்கள்.

கூத்து வாத்தியார்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். மைக் வந்த பிறகு ஆயிரம் பேருக்குக் கேட்கிறது, அது வேண்டியதுதான். ஆனால் நடிகர் மைக் கம்பியடியிலேயே நின்று பழகினால், பின்னால் இருக்கும் பெஞ்சுக்கும் அவர் முதுகுக்கும் இருந்த நூல் தளர்ந்துபோகிறது. மைக்கைக் கொஞ்சம் உயரே கட்டிவிட்டு, அவர் பெஞ்சருகே வந்துபோக இடம் விடுங்கள். இன்றைக்கு இங்கே அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். கட்டிய பையனுக்கு என் நன்றி.

இந்த ஊரில் நின்று கேட்பதைப் பற்றிப் பேசிவிட்டு நல்லவாட்டைச் சொல்லாமல் போக முடியாது. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் அங்கே தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய கிராமத் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அந்தச் சேதியைச் சொன்னார்கள். கடல் வருகிறது, ஓடுங்கள் என்று. அந்த நேரத்தில் கடல் எப்படி இருந்தது என்பதை இங்கே இருக்கும் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும். கண்ணால் பார்க்காத ஒன்றை நம்பி ஒரு ஊர் முழுக்கக் கால் எடுத்து வைத்தது. சோற்றுப் பானையை அப்படியே விட்டு, பிள்ளையைத் தூக்கி, மேற்கே. படகும் வலையும் வீடும் போயின, உயிர்கள் நின்றன. காதில் விழுந்ததற்கும் கால் எழுந்ததற்கும் நடுவில் அன்றைக்கு அவர்கள் இடைவெளியே விடவில்லை. நான் மேடையில் பல வருஷம் தேடிக்கொண்டிருக்கிற அந்த ஒரு கணத்தை இந்தக் கடற்கரை அறியும்.

நேரமாகிவிட்டது, அரிதாரம் பூசி முடித்திருப்பார்கள். உட்காருவதற்கு முன் எனக்காக ஒன்று செய்யுங்கள். எல்லாரும் எழுந்து நில்லுங்கள். முடியாதவர்கள் உட்கார்ந்தே இருக்கலாம். செருப்பைக் கழற்றுங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அசையாமல் நிற்கப் பாருங்கள்; அசைவீர்கள், பரவாயில்லை, அந்த அசைவைக் கவனியுங்கள். கடலூர் சாலையில் ஒரு லாரி போகிறது. அது முதலில் எங்கே வந்தது, காதிலா, பாதத்திலா? உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நிற்கிறார். அவர் மூச்சு விடுவது தெரிகிறதா? அவருக்கு உங்கள் முதுகு தெரிகிறது.

அப்படியே நில்லுங்கள். பின்னால் பெஞ்சில் ஆட்கள் வந்து உட்காரும் சத்தம் கேட்கிறது. மத்தளக்காரர் சுருதி பார்க்கிறார்.

கண்ணைத் திறக்கலாம். திரை பிடிக்க இரண்டு பேர் வேண்டுமாம். முன்வரிசைப் பிள்ளைகளில் உயரமாக இருக்கிற இருவர் வாருங்கள். துணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆனால் இறுக்க வேண்டாம். திரைக்குப் பின்னால் அவர் பாட ஆரம்பித்ததும் துணி உங்கள் கையில் அதிரும்.